தட்டுவது

தடா தாண்டி இடப்பக்கம் திரும்பினால்
கம்பெனிகளுக்கு நடுவே கொஞ்சம் வயல் மிச்சம்.
அங்கேதான் பொலேரம்மா.
பொலிமேரா என்றால் எல்லை என்றார் டிரைவர் பெஞ்சலய்யா.
எந்த எல்லை என்று நான் கேட்கவில்லை.
ஆரம்பாக்கத்தில் பஸ் ஏறி
தினமும் ஒன்றைத் தாண்டுகிறவள் நான்.

குசுமோதோ சானுக்கு என் பெயர் வராது.
எழில் என்பதை எரிரு என்பார்.
பிரஸ் ஷாப்புக்குப் பொறுப்பாளர், ஐம்பத்தாறு வயது,
ஞாயிற்றுக்கிழமையும் சட்டைப் பையில் டார்ச், இரும்பு ஸ்கேல்.
"இந்த நிலம் எந்தச் சாமியுடையதோ
அவரிடம் போக வேண்டும்" என்று வெள்ளிக்கிழமை சொன்னார்.
வியாழன் இரவு ஷிப்டில்
மாதர்பாக்கத்துக் கோதண்டனுக்கு
வலது கையில் இரண்டு விரல் போயிருந்தது.

வாசலில் தண்ணீர் தேடினார்.
அவர் ஊரில் கல்தொட்டியும் மூங்கில் அகப்பையும் இருக்குமாம்.
முதலில் இடது கை, பிறகு வலது, பிறகு வாய்,
கடைசியில் அகப்பையின் காம்பையும் கழுவி வைக்க வேண்டும்,
அடுத்து வருகிறவருக்காக.
இங்கே ஓர் அடிபம்பு.
பெஞ்சலய்யா அடிக்க அவர் கழுவினார்.
பிடியைக் கழுவுவதற்கு இன்னொரு முறை அடிக்கச் சொன்னார்.
பெஞ்சலய்யா என்னைப் பார்த்தார்.

கோபுரம் இல்லை. கதவும் இல்லை.
வேப்பமரம், சிமெண்ட் மேடை, மஞ்சள் பூசிய கல்.
குங்குமத்தின் மேல் குங்குமம் ஏறி
முகம் இருந்த இடம் மேடாகிவிட்டது.
உள்ளே என்ன இருக்கிறது என்றார்.
நீங்கள் பார்ப்பதுதான், கல் என்றேன்.
அவர் ஊர்க் கோயிலில் உள்ளே ஒரு கண்ணாடியாம்,
துணிக்கு மேல் துணி சுற்றி.
பூசாரியே பார்த்ததில்லையாம்.
பிறகு எப்படித் தெரியும்?
"தூக்கினால் கனக்கிறது."

இரண்டு முறை குனிந்தார்.
இரண்டு முறை கை தட்டினார்.
பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள்.
காலில் கயிறு கட்டிய சேவல் இறக்கையை உதறியது.
பூசை செய்யும் மஸ்தானம்மா
மஞ்சள் தட்டோடு வந்தாள்.
"எந்துக்கம்மா தட்டறாரு?"
வந்திருக்கிறேன் என்று சாமிக்குச் சொல்ல.
"அவ தூங்கினாத்தான எழுப்பணும்?
யாரு வந்தாங்க, என்ன செஞ்சாங்க, எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கா."
சொன்னதை அப்படியே ஜப்பானிய மொழியில் சொன்னேன்.
ரொம்ப நேரம் அவர் பேசவில்லை.

எனக்கு அறிக்கை ஞாபகம் வந்தது,
வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மொழியிலும்
நான் தட்டிக் கொடுத்தது.
காரணம் என்ற கட்டத்துக்குள்:
இயக்குபவரின் கவனக்குறைவு.
அவர்கள் மொழியில் அதற்கு மூன்றே எழுத்து.
தமிழில் நடுவே ஒற்று மிகுமா என்று
ஒரு நிமிஷம் யோசித்தேன், அவ்வளவு அக்கறை.
சென்சார் ஒரு மாதமாக அணைந்திருந்தது
எந்தக் கட்டத்துக்கும் பொருந்தவில்லை.

வேப்பங்கிளையில் துணித் தொட்டில்கள், உடைந்த வளையல்,
ஒரு பூட்டு, யாருடைய வேண்டுதலோ.
அவர் ஊரில் குறிச்சீட்டில் கெட்டது வந்தால்
அங்கேயே கிளையில் கட்டிவிட்டுப் போவார்களாம்.
பையிலிருந்து எடுத்தது ஏ-ஃபோர் தாள்.
எந்த மொழிப் பிரதி என்று தெரியவில்லை.
நீளவாக்கில் மடித்து, முடிச்சுப் போட்டு,
போல்ட்டைச் சோதிப்பதுபோல் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.
"பிள்ளை வரமா கேக்கறாரு?" என்றாள் மஸ்தானம்மா.
தெரியாது என்றேன்.
மொழிபெயர்ப்பவள் சொல்லக் கூடாத சொல்.

சர்வரில் அது மூன்று மொழியிலும் இருக்கிறது.

கடைசியாக ஒரு முறை குனிய வேண்டுமாம், குனிந்தார்.
காரில் ஏறியதும்
அந்தப் பையன் இருக்கும் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்றார்.
டோலில் கூட்டம் இல்லையென்றால்
இரண்டு மணி நேரம் என்றார் பெஞ்சலய்யா, வண்டியைத் திருப்பியபடி.
பின்சீட்டில், சத்தம் வராமல்,
நான் இரண்டு கைகளையும் சேர்த்துப் பார்த்தேன்.
பத்து விரலும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தன.
செக்போஸ்டில் யாரும் எங்களை நிறுத்தவில்லை.